கண்ணீர் வற்றும் கண்ணுக்கு இரு வைத்தியம்

சோளகக் காற்று எழுந்துவிட்டது என்பதைத் தீவுப்பகுதி மக்களுக்கு முதலில் அறிவிப்பவை அவர்களின் கண்களே. வைகாசி முதல் புரட்டாதி வரை ஓயாது வீசும் இக்காற்று, பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் துறைவரை நீளும் பாதையெங்கும் புழுதியை வாரி இறைக்கின்றது. அங்கிருந்து நயினாதீவுக்குப் படகேறினால் உப்புக் காற்றும், உச்சி வெயிலும், அலைமீது துள்ளும் ஒளியும் ஒருசேரக் கண்ணைத் தாக்குகின்றன. ஆனித் திருவிழாக் காலத்தில் நாகபூசணி அம்மனை வணங்கச் செல்லும் அடியார்களுட் பலர் கண்ணைக் கசக்கியபடியே கரையிறங்குவது யாவரும் கண்ட காட்சி.

பெரும்பாலானோருக்கு நன்னீரில் முகம் கழுவி ஓர் இரவு உறங்கினால் அவ்வுறுத்தல் தீர்ந்துவிடும். சிலருக்கோ காற்று ஓய்ந்த பின்னும் ஓய்வதில்லை. கண்ணினுள் மணல் கிடப்பது போன்ற உணர்வு, எரிவு, மாலையில் எழுத்து மங்குதல், காலையில் இமை ஒட்டிக்கொள்ளுதல் என மாதக்கணக்காக அது தொடரும். இதனையே இன்றைய வைத்தியர் 'உலர்கண் நோய்' என்கின்றனர். சோளகம் வீசாத கொழும்பு நகரத்து அலுவலக அறைகளிலும், கைத்தொலைபேசியை விட்டுக் கண்ணெடுக்காத மாணவரிடத்தும் இந்நோய் காணப்படுகின்றது. இதற்கு நம் நாட்டு வைத்தியமா, மேல்நாட்டு வைத்தியமா, அன்றி இரண்டையும் சேர்ப்பதா என்ற வினா வீடுகளில் எழுவது இயல்பு. சீன தேசத்தில் இவ்வினாவுக்கு அரசாங்கமே ஒரு விடையளித்து, அவ்வழியில் எழுபது ஆண்டுகளாக நடந்து வருகின்றது. அவ்விடையில் நாம் எதனை ஏற்கலாம், எதனைத் தள்ளலாம் என்று ஆராய்வதே இவ்வாரத்து நோக்கம்.

முதலில் நோயின் இயல்பைச் சற்றே பார்ப்போம். கண்ணீர் என்பது வெறும் உப்புநீர் அன்று. விழியின்மேல் எப்பொழுதும் பரந்து கிடக்கும் அப்படலம் ஏறக்குறைய 3 மைக்குரோமீற்றர் தடிப்புடையது. தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு என்று சொல்லலாம். அத்தனை மெல்லிய படலத்திலும் விழியோடு ஒட்டிக்கொள்ளும் ஒரு வழுவழுப்புப் பொருளும், நீரும், நீர் ஆவியாகிவிடாது மேலே மூடிநிற்கும் நெய்ப்பும் உள்ளன. இந்த நெய்யைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக அமைந்த நுண்ணிய சுரப்பிகள். மேலிமையில் முப்பது வரையிலும், கீழிமையில் அதற்குச் சற்றுக் குறைவாகவும் அவை உள்ளன. 1666 இல் அவற்றை விவரித்த ஜெர்மானிய வைத்தியர் மைபோம் என்பவரின் பெயராலேயே அவை வழங்குகின்றன. உலர்கண் நோயாளருட் பெரும்பாலோருக்குக் கண்ணீர் சுரப்பதில் அதிகக் குறைவு இல்லை. நெய் உறைந்து சுரப்பிகளின் வாய் அடைபடுவதால், சுரந்த நீர் விரைவில் ஆவியாகிப் போகின்றது.

"என் கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கிறதே, இதனை வறட்சி என்பது எங்ஙனம்?" என்று கேட்கும் முதியோர் உண்டு. விழி உலர்ந்து உறுத்தியதும், அவ்வுறுத்தலுக்கு மறுமொழியாகச் சுரப்பி நீரைக் கொட்டுகின்றது. நெய்ப்பில்லாத அந்நீர் விழியில் நில்லாது கன்னத்தில் வழிந்துவிடும். ஆதலால் நீர் வடியும் கண்ணும் வறண்ட கண்ணாக இருத்தல் கூடும்.

இந்த வறட்சியைப் பண்டை வைத்தியர் அறியாதிருந்தாரல்லர். சுசுருத சங்கிதை 76 கண் நோய்களை எண்ணுகின்றது. அவற்றுள் 'சுஷ்காக்ஷி பாகம்' என்ற ஒன்று, பெயரிலேயே உலர்ந்த கண்ணைச் சுட்டுகின்றது. சித்த வைத்தியமோ கண் நோய்களை 96 எனத் தொகுக்கும். நாகமுனிவர் பெயராலும் அகத்தியர் பெயராலும் 'நயன விதி' என்ற நூல்கள் வழங்குகின்றன. (நாகதீபம் என்ற பழம்பெயர் கொண்ட நயினாதீவுக்கும் நாகமுனிவருக்கும் உறவு கற்பிக்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: பெயரொற்றுமை சான்றாகாது.) யாழ்ப்பாணத்து அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் 'பரராசசேகரம்' என்னும் வைத்திய நூல் ஏட்டிலிருந்து அச்சேறியது இருபதாம் நூற்றாண்டிலேதான். அதுவரை அவ்வறிவு பரியாரிமாரின் குடும்பங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது.

மேல்நாட்டு வைத்தியம் நம்மவரோடு முதன்முதல் நெருங்கிப் பழகியதும் யாழ்ப்பாணத்திலேயே. 1847 இல் வந்து மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அமெரிக்கரான டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய தமிழ் நூல்கள் அவர் முயற்சியால் வெளிவந்தன. அவர் இரு வைத்தியங்களையும் கலக்க முற்பட்டவரல்லர். எனினும், ஒரு வைத்திய முறையை மற்றொரு மொழியாளர் தம் சொல்லால் விளங்கிக்கொள்ளலாம் என்பதை அவர் காட்டினார். மற்றொரு பக்கத்தில், கொழும்பில் 1929 இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியும், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுள்வேதச் சட்டமும், 1984 இல் கைதடியில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சித்த மருத்துவப் பிரிவும் நாட்டு வைத்தியத்துக்கு அரசாங்க ஏற்பை அளித்தன. ஆயினும் இரண்டும் இரு வேறு வாயில்களையுடைய இரு வேறு கட்டடங்களாகவே இன்றும் நிற்கின்றன. நோயாளி காலையில் ஒன்றிலும் மாலையில் மற்றொன்றிலும் நுழைகின்றார். முன்னவர் கொடுத்ததைப் பின்னவரிடம் சொல்வதுமில்லை.

இனிச் சீனத்தைப் பார்ப்போம். சீனம் நமக்குத் தொலைவான தேசமன்று. நயினாதீவுக்குப் போகும் வழியிலுள்ள அல்லைப்பிட்டியிலேயே சொங் வமிசத்துக் காலத்துச் சீன மட்பாண்டத் துண்டுகள் 1970களில் கண்டெடுக்கப்பட்டன. அவை ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. காலியில் 1911 இல் கிடைத்து இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உள்ள கல்லையும் மாணவர்கள் அறிந்திருப்பார்கள். சீனக் கடற்றளபதி செங் ஹோ நாட்டிய அக்கல்லில், 1409 ஆம் ஆண்டுத் திகதியோடு, சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளிலும் வாசகம் உண்டு. விந்தை யாதெனில், ஒன்று மற்றொன்றின் மொழிபெயர்ப்பன்று. சீனம் புத்தரையும், தமிழ் தென்னாவரை நாயனாரையும், பாரசீகம் இசுலாத்தையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியல் மட்டும் மூன்றிலும் பெரும்பாலும் ஒத்திருக்கின்றது. வைத்தியங்கள் இரண்டு சந்திக்கும் இடங்களை எண்ணும்போதெல்லாம் இக்கல் நம் நினைவுக்கு வருகின்றது. காரணம் கூறுவதில் ஒவ்வொன்றும் தன் தெய்வத்தையே பாடும். கையிற் கொடுக்கும் பொருளோ சில வேளைகளில் ஒன்றாக இருந்துவிடும்.

சீன வைத்தியத்தின் மூலநூலாகிய 'மஞ்சட் பேரரசரின் உள்நூல்' கண்ணீரை ஈரலுக்கு உரிய நீராகச் சொல்கின்றது. ஈரலின் வாயில் கண் என்பது அவர் கொள்கை. இங்கே ஈரல் என்பது நாம் படத்திற் காணும் உறுப்பு மாத்திரமன்று. நம் வாத பித்த கபம் போல, உடலின் ஒருவகை இயக்கத்துக்கு இட்ட பெயர் எனலே பொருந்தும். ஆகவே ஈரலை வளர்க்கும் என்று கருதிச் செவ்வந்திப் பூவையும், கோஜி எனப்படும் சிவந்த சிறு கனியையும் காய்ச்சிக் குடிக்கக் கொடுப்பர். கண்ணைச் சூழ ஊசி குத்துவர். முசுக்கட்டை இலை, செவ்வந்தி முதலியவற்றைக் கொதிக்கவைத்து அதன் ஆவியைக் கண்ணிற் படச் செய்வர். மூக்கை அடுத்த கண்ணின் மூலையில் உள்ள குத்துமிடத்துக்கு 'ஜிங்மிங்' என்று பெயர். கண்ணின் ஒளி என்று பொருள் கொள்வர்.

1950களில் அந்நாட்டு அரசாங்கம், சீன வைத்தியமும் மேல்நாட்டு வைத்தியமும் இணைந்து செல்லுதல் வேண்டும் என்று கொள்கை வகுத்தது. 1956 இல் பீக்கிங், ஷாங்காய் முதலிய நான்கு நகரங்களிற் சீன வைத்தியக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. மேல்நாட்டு முறையிற் பயின்றவர்கள் பழைய வைத்தியத்தையும் கற்க அனுப்பப்பட்டார்கள். அவ்வாறு கற்றவருள் ஒருவரே து யூயூ அம்மையார். மலேரியாச் சுரத்துக்கு மருந்து தேடிய அவர், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கே ஹொங்கின் கைந்நூலிற் பச்சிலையைக் காய்ச்சாது நீரில் ஊறவைத்துப் பிழியும் முறையைக் கண்டார். சூடு மருந்தைக் கெடுக்கின்றதோ என்ற ஐயம் அவருக்குப் பிறந்தது. குறைந்த வெப்பத்தில் ஈதரைக் கொண்டு சாரத்தைப் பிரித்தார். அதன்வழி வந்த ஆட்டிமிசினின் எனும் மருந்துக்காக 2015 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. பழைய நூல் அவருக்கு ஒரு குறிப்பைத் தந்தது. அதனை மருந்தாக்கியது சோதனைச்சாலை.

உலர்கண் நோயிலும் சீனத்து வைத்தியசாலைகள் இவ்வாறே இரண்டையும் சேர்த்துக் கையாளுகின்றன. விழியின் மேற்பரப்பைக் காக்கச் செயற்கைக் கண்ணீர்த் துளியைக் கொடுக்கின்றனர்; அதனோடு ஊசியையோ மூலிகை ஆவியையோ சேர்க்கின்றனர். இவற்றுள் நாம் சிறப்பாகக் கருதுவது ஊசியையுமன்று, ஆவியையுமன்று. பலன் இருக்கின்றதா என்பதை அறிய அவர்கள் மேல்நாட்டு வைத்தியத்தின் அளவுகோலையே பயன்படுத்துவதைத்தான். 1903 இல் ஷிர்மர் என்ற ஜெர்மானியர் வகுத்த சோதனை மிக எளிது. ஒரு சிறு வடிதாள் துண்டைக் கீழிமையின் உட்புறத்தே மாட்டி 5 நிமிடம் விடுவார்கள். ஈரம் 5 மில்லிமீற்றரைத் தாண்டாவிடின் கண்ணீர்ச் சுரப்புக் குறைவு. இன்னொன்று, கண்ணில் மஞ்சட் சாயம் இட்டு, நீல ஒளியிற் பார்த்து, இமைத்தபின் படலம் எத்தனை விநாடியில் உடைகின்றது என்று எண்ணுவது. 10 விநாடிக்குள் உடையுமாயின் நெய்ப்பு நிலையற்றது என்று பொருள். ஈரலின் குறை என்று சொல்பவரும், சுரப்பியின் அடைப்பு என்று சொல்பவரும் இதே தாளைப் பார்க்கலாம்.

ஊசிச் சிகிச்சையாற் பலன் கண்டதாகச் சீனத்திலிருந்து பல ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றிற் பெரும்பாலானவை சிறியவை. தாம் பெறுவது எந்தச் சிகிச்சை என்பதை நோயாளர் அறிந்திருந்தவையும் பல. இக்குறை எவ்வளவு பெரியது என்பதை விளக்க, சீனத்துக்குத் தொடர்பில்லாத ஓர் ஆய்வை எடுத்துக்காட்டுவோம். மீனெண்ணெய் உலர்கண்ணைத் தீர்க்கும் என்று மேல்நாட்டு வைத்தியர்களே பல ஆண்டு நம்பியிருந்தார்கள். மீனுண்டு வாழும் தீவுமக்களாகிய நமக்கும் அது இனிப்பான செய்தியே. அமெரிக்காவில் 535 நோயாளருட் சிலருக்கு நாளொன்றுக்கு 3 கிராம் மீனெண்ணெய்ச் சத்தும், மற்றையோருக்கு அதே தோற்றமுள்ள குளிகையில் ஒலிவ் எண்ணெயும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2018 இல் வெளியாயிற்று. மீனெண்ணெய் உண்டவர்களுக்கு நோய் தணிந்தது. ஒலிவ் எண்ணெய் உண்டவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு தணிந்தது! இரண்டாவது கூட்டத்தாரை வைத்துப் பார்த்திராவிடின், மீனெண்ணெயின் வெற்றி என்று உலகம் கொண்டாடியிருக்கும். "அந்தப் பரியாரியாரின் மருந்தால் எனக்குச் சுகமாயிற்று" என்பாரையும், "இந்த டொக்டரின் மருந்தால் எனக்குச் சுகமாயிற்று" என்பாரையும் நாம் ஒருசேர வைத்துக் கேட்க வேண்டிய வினா இதுவே: மருந்துண்ணாதவருக்கு என்ன ஆயிற்று?

இரு வைத்தியமும் ஐயமின்றிக் கைகோக்கும் ஓரிடம் ஒற்றடம். சித்த வைத்தியத்தின் முப்பத்திரண்டு புறமருந்துகளுள் ஒற்றடமும் வேதும் இடம்பெறுகின்றன. சீனரின் மூலிகை ஆவி, வேதுக்கு உடன்பிறப்பு. மேல்நாட்டுக் கண் வைத்தியரும் இந்நோய்க்கு முதலிற் சொல்வது வெந்நீர் ஒற்றடத்தையே. உறைந்த நெய் உருகி, அடைபட்ட சுரப்பி திறப்பதற்குச் சுமார் 40 பாகை வெப்பம் தேவை. சுத்தமான துணியைப் பொறுக்கத்தக்க சூடுள்ள நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தல் வேண்டும். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடுமாதலால் திரும்பத் திரும்ப நனைப்பது அவசியம். பலர் பலன் காணாது போவது இதனாலேதான். பின்பு இமையை மெல்ல நீவி, விளிம்பைத் துடைத்துவிடலாம். நம் பாட்டிமார் முழங்காலுக்குச் செய்யும் சூட்டில் இமைக்குச் செய்தலாகாது. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது.

உணவிலும் ஓரளவு உடன்பாடு உண்டு. உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தால் மாலைக்கண்ணும் விழி உலர்வும் உண்டாகும். நாம் இதுவரை பேசிய உலர்கண்ணிலும் இது வேறானது. சிறுவரின் பார்வையையே பறிக்கவல்லது. பொன்னாங்கண்ணியையும் முருங்கையிலையையும் கண்ணுக்கு நல்லவை என்று முன்னோர் சொன்னதற்கு, அவற்றிலுள்ள கரோட்டின் சான்று தருகின்றது. அச்சத்து நெய்ப்போடு சேர்ந்தே உடலிற் சேரும். தேங்காய்ப்பூத் தூவிய முருங்கையிலை வறையைக் கண்டுபிடித்த யாழ்ப்பாணத்து அடுக்களைக்கு இரசாயனம் தெரியாதிருந்திருக்கலாம்; பலன் தெரிந்திருந்தது.

மூக்கு வழியாக மருந்திடும் நசியத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கண் நோய்க்கு மூக்கில் மருந்திடுவதைப் பரிகசித்தவர்கள் உண்டு. 2021 இல் அமெரிக்காவில் உலர்கண்ணுக்கு வரெனிக்கிளின் என்ற மருந்தை மூக்கிற் சீறும் முறை அனுமதி பெற்றது. மூக்கினுள் உள்ள நரம்பைத் தூண்டினால் கண்ணீர் சுரக்கின்றது என்பதே அதன் அடிப்படை. இதனாற் பழைய நசிய மருந்துகள் யாவும் மெய்ப்பிக்கப்பட்டன என்று மார்தட்டுதல் தகாது. வழி ஒன்று, அவ்வழியே செல்லும் பொருள் வேறு. இருப்பினும் வழியை ஆராயத் தக்கதெனக் கொள்ள நியாயம் உண்டு. ஷிர்மரின் தாள் விலையுயர்ந்த கருவியுமன்று. கைதடியிற் பயிலும் மாணவர் ஒருவர் இதனை ஆய்வுப் பொருளாக எடுப்பாராயின் நாம் பெரிதும் மகிழ்வோம்.

இரு வைத்தியமும் சேரக்கூடாத இடம் விழியின் மேற்பரப்பு. இமைக்கு வெளியே ஒற்றடமும் வேதும் உணவும் இருக்கட்டும். இமைக்கு உள்ளே, கிருமி நீக்கிய துளியன்றி வேறெதுவும் செல்லலாகாது. நந்தியாவட்டைப் பூவின் சாறு, இலைச் சாறு, தாய்ப்பால், தேன் என்று வீட்டிலே கண்ணில் விடுவன பல. கலிக்கம் என்னும் கண்மருந்து சித்த நூல்களில் உண்டு என்பது மெய்யே. நூல் சொல்லும் சுத்தி முறை வேறு. அவசரத்தில் வேலியோரத்து இலையைக் கசக்கிப் பிழிவது வேறு. உலர்ந்த விழியின் மேற்படை ஏற்கெனவே நைந்திருக்கும். அதிற் பூஞ்சணமோ பற்றீரியாவோ புகுந்தால் கருவிழி புண்ணாகி, வெண்தழும்பு விழுந்து, பார்வை போய்விடும். வறட்சி பெரும்பாலும் பார்வையைப் பறிப்பதில்லை. வறட்சிக்கு நாம் செய்யும் கைவைத்தியம் பறித்துவிடும்.

போத்தலில் அடைத்து வந்தமையாலேயே ஒரு துளி தூய்மையானதென்று நம்பிவிடவும் இயலாது. தமிழ்நாட்டிற் செய்யப்பட்டு அமெரிக்காவில் விற்பனையான செயற்கைக் கண்ணீரில் 'சூடோமோனாஸ்' என்னும் கொடிய கிருமி கலந்திருந்தமை 2023 இல் வெளிப்பட்டது. 81 பேர் நோயுற்றனர், 14 பேர் பார்வை இழந்தனர், நால்வர் மாண்டனர். தூய்மை என்பது வைத்திய முறையின் பெயரில் இல்லை. செய்முறையிலும் கண்காணிப்பிலுமே உள்ளது.

கனடாவிலிருந்து உறவினர் அன்போடு அனுப்பும் கோஜிக் கனிப் பொதிகளும் இப்பொழுது தீவுக்கு வந்து சேர்கின்றன. உணவாகச் சிறிதளவு உண்பதிற் பெருந்தீங்கில்லை. ஆயினும் இருதய நோய்க்காக இரத்தம் உறையாதிருக்க வார்பரின் குளிகை உண்போர் அதனைத் தொடலாகாது. அக்குளிகையின் வேகத்தை அது மிகுத்து இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும். கண்ணைச் சூழக் குத்தும் ஊசியும் தேர்ந்தவர் கையன்றி வேறெவர் கையிலும் வேண்டாம். அவ்விடத்தில் இரத்தக் கசிவு எளிதில் நேரும்.

மாணவர்களுக்கு வேறொரு சீனப் பழக்கத்தைச் சொல்வோம். 1963 முதல் அந்நாட்டுப் பாடசாலைகளிற் பிள்ளைகள் நாள்தோறும் சில நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு, புருவத்தையும் நெற்றிப்பொட்டையும் இசைக்கேற்ப அழுத்தி நீவுகின்றனர். கிட்டப்பார்வையைத் தடுக்கவென்று தொடங்கிய இப்பயிற்சி அதனைத் தடுத்ததாகத் தெரியவில்லை. அந்நாட்டுப் பிள்ளைகளில் மூக்குக்கண்ணாடி அணிவோர் தொகை பெருகியே வந்தது. ஆனால் அத்தனை நேரம் கண் மூடியிருக்கிறதே, அது விழிக்கு ஓய்வு. நாம் இயல்பாக நிமிடத்துக்குப் பதினைந்து முறை இமைக்கின்றோம். திரையை உற்று நோக்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகின்றது. பரீட்சைக்குப் படிப்போர் இடையிடையே கண்ணை முழுவதுமாக மூடித் திறப்பது காசு செலவில்லாத சிகிச்சை. கையைக் கழுவாமல் இமையைத் தொடாதிருந்தால் சரி.

வீட்டு ஒற்றடத்தோடு நின்றுவிடக் கூடாதவர்களும் உளர். கண்ணோடு வாயும் உலர்ந்து, மூட்டும் நோகுமாயின், 1933 இல் சுவீடன் தேசத்து ஸோக்ரன் விவரித்த நோயாக அது இருத்தல் கூடும்; நடுத்தர வயதுப் பெண்களுக்கே அது மிகுதியாக வருகின்றது. தும்மல், ஒவ்வாமைக்கு உண்ணும் சில குளிகைகளும் கண்ணை உலர்த்தும். ஆகவே வைத்தியரிடம் போகும்போது, உண்ணும் மருந்துகள் அனைத்தையும், பரியாரியார் கொடுத்த சூரணம் உட்பட, ஒரு பையிற் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கடும் நோவு, ஒளியைப் பார்க்கக் கூசுதல், சீழ், கருவிழியில் வெண்புள்ளி, திடீரெனப் பார்வை மங்குதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் மறுநாட் படகுக்குக் காத்திராது அன்றே குறிகட்டுவான் கடந்து யாழ்ப்பாணம் போய்ச் சேருங்கள்.

கண்துளிப் போத்தலைத் திறந்த திகதியை அதன்மேல் எழுதி வையுங்கள். பெரும்பாலான போத்தல்களைத் திறந்து ஒரு மாதம் கழிந்தால் எறிந்துவிட வேண்டியதே, பாதி மருந்து மிஞ்சியிருந்தாலும்.